இரவல் கோடாலி

இரும்பு இரும்பைக் கடிக்கும் சத்தம்
மரத்துக்குள்ளிருந்து வரக்கூடாது.
வந்தது.

கால்வாய்க்கு அப்பால் சாய்ந்து நின்ற பைன்,
இலையுதிர்காலப் புயலில் விழுந்தது.
நான்காம் துண்டைப் பிளக்கையில்
அதன் வைரத்தில்
கட்டைவிரல் நகமளவு ஒரு குண்டுச் சில்லு.
கைனூக் காட்டில் இது அதிசயமில்லை.
எண்பது வருஷத்துக்கும் மேலாக
வளையத்தின் மேல் வளையம் போர்த்தி
மரம் அதை வைத்திருக்கிறது.
ருஷ்யருடையதா, எங்களுடையதா,
எழுதியிருக்கவில்லை.

கோடாலி என்னுடையதில்லை.
தாவெத்தி மொய்லானெனுடையது.
என்னுடையது காம்பு முறிந்து கிடக்க
ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டேன்.
கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்து
காம்பை என் பக்கம் திருப்பித் தந்தார்.
எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே
ஒரு கிலோமீட்டர் பனி,
அந்த வருஷம் பேசிய ஆறேழு வார்த்தை.

இப்போது அதன் வாயில் ஒரு பல் போயிருக்கிறது.
அரைப் பருப்பளவு.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
சாணைக்கல்லில் விட்ட தண்ணீர்
தேய்க்கும் முன்னே உறைகிறது.
ஆகவே சமையலறை. விரித்த செய்தித்தாள்.
மடியில் கோடாலியின் தலை,
அக்குளில் காம்பு,
சொரசொரப் பக்கம் முதலில்.

அரம் போட்டால் சீக்கிரம் முடியும். தெரியும்.
அரம் அவசரக்காரன்,
கேட்டதற்கு மேல் தின்பான்.

போன பல்லைத் திரும்ப நட முடியாது.
மிச்ச வாயை அதுவரைக்கும் இறக்க வேண்டும்.
அரைப் பருப்புப் பள்ளத்துக்காக
இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
எல்லாமே பின்வாங்க வேண்டும்.
வட்டம், வட்டம்,
கொஞ்சம் தண்ணீர்,
வட்டம்.

சாம்பல்நிறச் சேறு விரலிடுக்கில் ஏறியது.
மறுநாள் சுகாதார நிலையத்தில்
சீட்டு எழுதிக் கொடுக்கும்போதும்
என் நகக்கண்ணில் அவர் கோடாலி இருந்தது.

ஒரு பக்கம் தேய்த்தால்
மறுபக்கம் பிசிறு எழும்.
கண்ணுக்குப் படாது, விரலுக்குப் படும்.
அது எழாதவரை
நீ வாயைத் தொடவே இல்லை,
சும்மா கன்னத்தைத் தடவிக்கொண்டிருக்கிறாய்.

விளக்கடியில் நேராகப் பிடித்துப் பார்த்தேன்.
மொக்கைதான் மினுங்கும்.
கூர் மினுங்காது,
வெளிச்சம் உட்கார அங்கே இடமில்லை.
முதல் ராத்திரி ஒரு வெள்ளைக்கோடு முழுநீளத்துக்கும்.
இரண்டாம் ராத்திரி நடுவில் மட்டும்.
மூன்றாம் நாள் மணிக்கட்டு வலி, தொடவில்லை.
நான்காம் ராத்திரியும் விடவில்லை.
ஐந்தாம் ராத்திரி
எங்கும் எதுவும் மினுங்கவில்லை.
கை மயிரை வழித்துப் பார்த்தேன், வழித்தது.
பெருமையாகத்தான் இருந்தது.

சறுக்குவண்டியில் வைத்து
உதைத்து உதைத்துப் போனேன்.
"பல் போச்சு. சரி பண்ணிட்டேன்."
ஜன்னல் பக்கம் திருப்பினார்.
நகத்தை வாயோரம் ஓட்டினார்.
அகலம் குறைந்ததை
அளக்காமலே அளந்தார் என்று நினைக்கிறேன்.

"இது விறகு பிளக்கற கோடாலி, ஹெல்வி.
முகம் மழிக்கறதுக்கில்ல."

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கல்.
சற்று நிமிர்த்திப் பிடித்து
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று,
பிறகு யோசித்து இன்னொன்று.
மூன்றே இழுப்பு.
என் நாலு ராத்திரியின் முனையைக்
கண்ணெதிரே கிள்ளி எறிந்தார்.
எனக்கு வயிற்றுக்குள் இழுத்தது.

சில்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
புரட்டினார்.
"எந்த மரம்?"
"கால்வாய்க்கு அந்தப் பக்கம். சாய்ஞ்சது."
"அதுல ஒண்ணோட நிக்காது."

என்றுவிட்டு, கோடாலியைக்
கதவுக்குப் பின்னால் வைக்கப் போனவர்
வைக்கவில்லை.
காம்பை என் பக்கம் திருப்பினார்.

இன்னும் எட்டுத் துண்டு பாக்கி.
ஒவ்வொரு அடிக்கும் முன்னால்
கோடாலியின் பின்மண்டையால்
கட்டையைத் தட்டிக் கேட்கிறேன்.
எல்லாத் துண்டும் ஒரே சத்தம்தான்.
பிளக்கும்வரை
மரம் வாயைத் திறப்பதில்லை.